அக்கரைக் கல்லூரிகள் கணக்கில் வராது

செப்டம்பர் முதல் தேதி காலை ஏழே முக்காலுக்கு இல்டா டவாரெஸ் வாடகை வீட்டுச் சாவியைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

தெருவின் இரண்டு பக்கமும் லாரிகள் நின்றன. பாஸ்டனில் பாதிப் பேருக்கு வாடகை ஒப்பந்தம் நேற்றோடு முடிந்து இன்று வேறு வீட்டில் தொடங்குகிறது. நடைபாதை முழுக்க சோஃபாக்கள், மெத்தைகள், கால் ஆடும் மேஜைகள். வேண்டாதவர்கள் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

தம்பி அடெலினோ லாரியின் பின்கதவை இழுத்துப் பூட்டினான். நியூயார்க்கில் லாரியை வாடகைக்கு எடுத்து இரவோடு இரவாக ஓட்டி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"சாவியைக் குடு. ஊரைத் தாண்டற வரைக்கும் நான் ஓட்டறேன்" என்றாள் இல்டா.

"உனக்கு லாரி ஓட்ட வருமா அக்கா?"

"இந்த ஊர்ல உன்னைவிட நல்லா வரும்."

அவன் வாதாடவில்லை. ஏறி உட்கார்ந்து காபியைத் திறந்தான்.

இல்டாவுக்கு நாற்பத்தொரு வயது. முதியோர் இல்லத்தில் உதவியாளர். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது. ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் நர்ஸ் வர வேண்டும். நர்ஸ் வரும்வரை கட்டிலருகே நின்று காத்திருந்தே பல வருடங்கள் போயின. பிறகு ஒருநாள் வெண்ட்லோ கல்லூரியில் நர்சிங் சேர்ந்தாள். வேலைக்கு நடுவே வாரம் மூன்று நாள் வகுப்பு. மூன்று வருடம் முடித்தாள். இன்னும் ஒரு வருடம் இருந்தது.

ஏப்ரலில் வெண்ட்லோவை மூடிவிட்டார்கள்.

சின்னக் கல்லூரி. சேர ஆள் குறைந்துபோயிருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி வந்தது. உடற்கூறு எடுத்த பேராசிரியர் ஒக்குன் கையிலிருந்த எலும்பை மேஜையில் வைத்துவிட்டு, "பாடத்தை முடிச்சிடலாம்" என்றார். முடித்தார்.

அதன்பின் இல்டா ஏறாத கல்லூரிப் படி இல்லை. சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். நாற்பத்தொரு வயதில் முதல் வருடம். ஜூனில் ஒக்குனைக் காலியான தாழ்வாரத்தில் கடைசியாகப் பார்த்தாள். அவருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. "உனக்கு ஒரு இடம் கேட்டுப் பாக்கறேன். எழுதறேன்" என்றார். ஜூலை போனது. ஆகஸ்டும் போனது. அவர் எழுதவில்லை.

அடெலினோ கூப்பிட்டான். "இங்க வந்துடு அக்கா. நூறு காலேஜ் இருக்கு. ஒண்ணுகூடவா சேத்துக்காது?" பின்னறையைக் காலி செய்து மஞ்சள் வண்ணம் பூசி, படம் எடுத்து அனுப்பினான். அவனே பூசியிருந்தான். கூரையோரம் கோடு நேராக இல்லை. இல்டா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலையை விடுவதாகச் சொன்னாள்.

லாரி கேம்பிரிட்ஜ் தெருவில் ஊர்ந்தது. முன்னால் ஒரு காரின் தலையில் மெத்தை. மெத்தையைச் சன்னல் வழியாக இரண்டு கைகள் பிடித்திருந்தன.

"இதைப் பாரு" என்றாள். "உலகத்துல எந்த ஊர்லயாவது ஒரே நாள்ல இத்தனை பசங்க குடி மாறுவாங்களா?"

"நியூயார்க்ல மாறுவாங்க. ஊர் பெருசு, அதனால தெரியாது."

"ஆரம்பிச்சிட்டியா?"

"நீதான் ஆரம்பிச்ச. நியூயார்க்ல நூத்துக்கு மேல காலேஜ். லாஸ் ஏஞ்சலஸ் அடுத்து வரும். பிலடெல்பியாகூட சண்டைக்கு வரும். பாஸ்டன் எங்க வரும் சொல்லு?"

"எங்க ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு காலேஜ் வாசல்ல விழலாம்டா."

"உங்க ஊர்னா எது வரைக்கும்?"

எந்த ஊரில் கல்லூரி அதிகம் என்ற இந்தச் சண்டைக்குப் பதினாறு வயது. அவன் நியூயார்க் போன வருடத்திலிருந்து ஒவ்வொரு நவம்பரும் நன்றி நாள் விருந்தில் வான்கோழிக்கு முன்னால் இது பரிமாறப்படும்.

"எம்.ஐ.டி.யைச் சேத்துக்கோ" என்றாள்.

"அது கேம்பிரிட்ஜ். ஆத்துக்கு அந்தப் பக்கம். வேற ஊரு, வேற மேயர்."

"ஹார்வர்டு?"

"அதுவும் அங்கதான்."

"பாலத்துல நடந்தா பத்து நிமிஷம்டா!"

"நடந்து போனா உன் ஊராயிடுமா? உங்க ஊர் பேரையே வெச்சிருக்கற பாஸ்டன் காலேஜ், அதுல பாதி பாஸ்டன்லயே இல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தைங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு, எங்க வீட்ல எத்தனை பிள்ளை பாருன்னு சொல்ற கதைதான் உங்க கதை."

இல்டா சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. சரி, அக்கரைக் கல்லூரிகள் கணக்கில் வராது என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் எத்தனை என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். வாசல் வாசலாக எண்ணினாள். எல்லாம் இந்தக் கோடையில் அவள் ஏறி இறங்கிய வாசல்கள்.

வலப்பக்கம் நியூயார்க் போகும் நெடுஞ்சாலையின் வாய் வந்தது. அங்கே திரும்ப வேண்டும்.

அவள் கை திரும்பவில்லை. நேராகப் போய் ஆற்றோரச் சாலையில் இறங்கிற்று.

மூன்று வருடம் வாரம் மூன்று நாள் அந்தக் கை அப்படித்தான் போயிருந்தது. வெண்ட்லோவுக்கு ஆற்றோரச் சாலைதான் குறுக்கு வழி. ஆனால் அப்போது அவள் ஓட்டியது சின்னக் கார்.

'கார்கள் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த பலகை லாரியின் தலையில் தட்டியது. உள்ளே ஏதோ பெட்டி சரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

"முப்பது வருது" என்றாள். "ஆத்துக்கு இந்தப் பக்கம் மட்டும்."

"அக்கா, அந்தப் பாலம் கொஞ்சம்..."

பெரிய தகர டப்பாவின் வாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. லாரி நின்றது. அடெலினோவின் காபி முன்கண்ணாடியில் இருந்தது.

பின்னால் ஹார்ன்கள் தொடங்கின.

தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் லாரி மாட்டிக்கொள்வது பாஸ்டனில் ஒவ்வொரு செப்டம்பரும் நடப்பதுதான். வெளியூரிலிருந்து பிள்ளையைக் கல்லூரியில் விட வரும் அப்பன்மார்கள் மாட்டிக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் செய்தியில் பார்த்துச் சிரிப்பார்கள். முதியோர் இல்லத்தில் அதைப் பார்க்கவென்றே தொலைக்காட்சி முன் நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள். போட்டுக் கொடுப்பதே இல்டாதான்.

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். லாரிப் பெட்டியின் கூரை முன்பக்கமிருந்து சுருண்டு எழும்பியிருந்தது. உள்ளே அவளுடைய மேஜை விளக்கு வெயிலில் நின்றது.

போலீஸ்காரர் ஒருவர் அவசரமில்லாமல் வந்தார். நரைத்த மீசை. "வாங்க, வாங்க. இன்னிக்கு நீங்கதான் முதல் போணி" என்றார். கூரையை ஒரு சுற்றுப் பார்த்தார். "அடி யாருக்கும் இல்லையே?"

"இல்ல சார்."

"எந்த ஊரு?"

இல்டாவுக்கு முகம் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் அடெலினோ முந்திக்கொண்டான்.

"நியூயார்க்."

"அதானே பாத்தேன்" என்றார் போலீஸ்காரர். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. நியூயார்க் என்பதே போதுமான வாக்குமூலமாக இருந்தது.

டயர்களின் காற்றை இறக்கி லாரியைப் பின்னால் இழுத்தார்கள். இந்த லாரி இனி நியூயார்க் போகாது, இழுவை வண்டி வந்து கொண்டுபோய்விடும், அதற்குள் சாமானை இறக்கிச் சாலையோரப் புல்லில் வையுங்கள் என்றார் போலீஸ்காரர்.

"வேற லாரி கிடைக்குமா சார்?" என்று கேட்டான் அடெலினோ.

"இன்னிக்கா? பாஸ்டன்லயா?" அவர் அவன் தோளைத் தட்டினார். "அடுத்த வருஷம் சொல்லி வெச்சீங்கன்னா கிடைக்கும்."

அவர் நகர்ந்ததும் இல்டா தம்பியைப் பார்த்தாள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நான் எந்த ஊரோ அதைச் சொன்னேன்."

"லாரி உன் பேர்ல இருக்கு."

"அதை நான் பாத்துக்கறேன். நீ சோஃபாவோட அந்த முனையைப் பிடி."

இறக்கினார்கள். சோஃபா, கட்டில், அலமாரி, கிழங்கு அவிக்கும் அம்மாவின் பெரிய பானை, பெட்டிகள். புல்லின் மேல் ஒரு வீடு சுவரில்லாமல் நின்றது. அடெலினோ கம்பெனிக்குப் பேச ஒரு மரத்தடிக்குப் போனான். இல்டா இன்னொரு பெட்டிக்காக லாரிக்குள் ஏறினாள்.

இறங்கி வந்தபோது சோஃபா நடந்துகொண்டிருந்தது.

வேலியில் ஒரு இடைவெளி இருந்தது. அதை நோக்கி நாலு மாணவர்கள் சோஃபாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாவதாக ஒரு பெண் மேஜை விளக்கோடு பின்னால் போனாள்.

"ஏய்! ஏய்! அது எங்களுது!"

சோஃபா நின்றது. முன்னால் பிடித்திருந்த நெட்டையன் திரும்பிப் பார்த்தான். புல், கட்டில், பானை, கூரை கிழிந்த லாரி. மெல்ல மெல்ல அவனுக்கு விளங்கிற்று. காதுவரை சிவந்தான்.

"சாரி மேடம். ரோட்டோரம் இருந்துச்சு. இன்னிக்கு முதல் தேதி..."

"சும்மா வெச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டோம்" என்றான் இன்னொருவன். "நல்ல சோஃபாவா இருக்கே, யாரு தூக்கிப் போட்டாங்கன்னு பேசிட்டே வந்தோம்."

"ஒரு மனுஷன் போன் பேசத் திரும்பக் கூடாதா?" என்று கத்திக்கொண்டே அடெலினோ ஓடி வந்தான். "இதுதான் உன் பாஸ்டனா அக்கா? நியூயார்க்ல திருடன்கூட ராத்திரிதான் வருவான்!"

இல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததும் நெட்டையன் சிரித்தான். சோஃபாவைப் புல்லிலேயே வைத்துவிட்டு ஐந்து பேரும் அதன்மேல் சாய்ந்து நின்றார்கள்.

போய்விடுவார்கள் என்று நினைத்தாள். போகவில்லை. லாரிக்குள் இருந்த மிச்சத்தை இறக்கக் கைகொடுத்தார்கள். யாரும் சொல்லவில்லை. நெட்டையன் ஏறினான், மற்றவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பெட்டிகள் கைமாறிக் கைமாறிப் புல்லுக்கு வந்தன.

விளக்கை எடுத்துப் போன பெண்ணின் பெயர் ஜோஸ்லின். ஒல்லியாக இருந்தாள். கனமான ஒரு பெட்டி அவள் கைக்கு வந்தபோது அடிப்பக்கம் பிய்ந்து புத்தகங்கள் கொட்டின. குனிந்து பொறுக்கினாள். பொறுக்கியவள் ஒன்றை எடுத்துப் பார்த்தபடி நின்றாள். தடித்த உடற்கூறு நூல். ஓரமெல்லாம் இல்டாவின் பென்சில் குறிப்பு.

"எங்ககிட்டயும் இதே புக்தான்" என்றாள் ஜோஸ்லின். "நர்சிங்கா? எங்க படிக்கறீங்க?"

எங்கே படித்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. எங்கே படிக்கிறீர்கள் என்றாள். நாற்பத்தொரு வயதுக்காரி, அழுக்குக் கையோடு சாலையோரம் நிற்கிறாள், அவளிடம். இந்த ஊரில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பார்கள். பேருந்தில் கேட்பார்கள், பல் மருத்துவர்கூடக் கேட்பார். இல்டாவும் கேட்டிருக்கிறாள்.

"வெண்ட்லோல படிச்சேன்."

"ஐயோ. மூடிட்டாங்களே. எங்க வகுப்புல வெண்ட்லோக்காரங்க மூணு பேர் சேந்திருக்காங்க. ஒக்குன் மேடம் கூட்டிட்டு வந்தாங்க." புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நாலு பேர் வரணுமாம். ஒருத்தங்க வரவே இல்ல. நேத்து அறிமுக வகுப்புல மேடம் அந்தப் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க. எங்களுக்கே பாவமாயிடுச்சு. டவாரெஸ்னு ஒருத்தங்க."

இல்டா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஜோஸ்லின் தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். பிய்ந்த அட்டையில் பெரிய கறுப்பு எழுத்தில், டவாரெஸ், புத்தகம் என்று எழுதியிருந்தது.

"மேடம்" என்றாள். "நீங்களா?"

ஒக்குனின் எண் ஜோஸ்லினிடம் இருந்தது. மணி இரண்டாவது முறை அடிக்கும் முன்பே எடுத்தார்.

"ப்ரொஃபசர், நான் இல்டா."

"இல்டா! எங்கம்மா போயிட்ட நீ?"

"பாலத்துக்கு அடியில இருக்கேன்."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன். நீங்க எனக்கு எழுதவே இல்லையே."

"எழுதலையா? நாலு தடவை எழுதினேன். பதிலே இல்ல. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியோன்னு..."

"எந்த முகவரிக்கு எழுதினீங்க?"

"உன் வெண்ட்லோ மெயிலுக்குத்தான்."

ஜூன் முடிந்ததும் வெண்ட்லோவின் மின்னஞ்சலையும் நிறுத்திவிட்டார்கள். நாலு கடிதமும் விளக்கணைத்த கட்டிடத்துக்குள் போய் விழுந்திருந்தன.

"நான் ஒரு முட்டாள்" என்றார் ஒக்குன்.

"இல்ல ப்ரொஃபசர். நானும் நேர்ல வந்து கேட்டிருக்கலாம். வந்து, நீங்க இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு வரலை."

"கேளு. மூணு வருஷத்தையும் ஏத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு பாடம் மட்டும் திரும்பப் படிக்கணும். இடத்தை வெள்ளிக்கிழமை வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்கேன். நாளைக்குக் காலைல எட்டரைக்கு வகுப்பு. வருவியா?"

இல்டா அடெலினோவைப் பார்த்தாள். அவன் அலமாரியில் சாய்ந்து நின்றான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. அவன் கைவிரல் நகங்களின் ஓரத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது. நேற்று இரவு தூங்காமல் ஓட்டி வந்தவன். இப்போது கூரை இல்லாத லாரிக்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவன் தலையை ஒருமுறை ஆட்டினான். போ என்பதுபோல.

"வர்றேன் ப்ரொஃபசர்" என்றாள். நன்றி சொல்ல நினைத்தாள். குரல் வரவில்லை. அந்தப் பக்கம் ஒக்குன் காத்திருந்தார். பிறகு, "சரிம்மா, புரியுது. தண்ணி குடி" என்று வைத்துவிட்டார்.

மாணவர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது. நெட்டையன் ஜோஸ்லினைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இன்னொரு முறை தட்டினான்.

இல்டா தம்பியிடம் போனாள்.

"டேய்."

"ஒண்ணும் சொல்லாத. பெயின்ட் வீணாப் போச்சு, அவ்வளவுதான்."

"மஞ்சள் நல்லா இருந்துச்சுடா."

"கடையில இருந்ததுலயே அதுதான் விலை கம்மி." மூக்கை உறிஞ்சினான். "இதெல்லாம் தற்செயல், தெரியுமில்ல? யாரோ ஒரு பொண்ணு, யாரோ ஒரு புக்கு."

"தற்செயல் இல்ல. கணக்கு" என்றாள் இல்டா. "உங்க ஊர்ல நூறு காலேஜ். ஆனா எண்பது லட்சத்துக்கு மேல ஜனம். அங்க பாலத்துக்கு அடியில மாட்டியிருந்தா என் சோஃபாவைத் தூக்க வர்றவன் சோஃபாவைத் தூக்கிட்டுப் போயிருப்பான். இங்க வர்ற அஞ்சு பேர்ல ஒருத்தி நர்சிங்."

"அது எங்க இருக்கு, நீ சேரப் போற காலேஜ்?"

"கேம்பிரிட்ஜ்ல."

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"ஆமா."

"அப்ப பாஸ்டன் கணக்குல வராது."

"வராது" என்று ஒப்புக்கொண்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கப் பிடித்த பிடி. அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

இழுவை வண்டி வந்து லாரியைக் கொண்டுபோனது. போலீஸ்காரர் கடைசியாக ஒருமுறை வந்து புல்லைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னார். பிறகு மீசைக்குள் சிரித்தபடி, "இரண்டு மணி நேரம்னு வெச்சுக்கங்க" என்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றாள் இல்டா.

"எதுக்கும்மா? வண்டியை நிப்பாட்டினது அந்தப் பாலம்."

நெட்டையனிடம் ஒரு வேன் இருந்தது. பாலத்துக்கு அடியில் போகக்கூடிய உயரம். அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடலாம் என்றான். எங்கே என்று அவன் கேட்கவில்லை, இல்டாவும் அதை யோசிக்கவில்லை. சோஃபாவை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். அவன் வேண்டாம் என்றான். அவள் வற்புறுத்தினாள். சரி, ஆனால் எப்போது வந்தாலும் உட்கார ஒரு ஓரம் உண்டு என்றான். ஜோஸ்லின் புத்தகங்களை வேறு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றின் மேல் படகோட்டிகள் யாரோ கத்தி எண்ண, சீராகத் துடுப்புப் போட்டுப் போனார்கள். அதற்கப்பால் அக்கரைக் கட்டிடங்கள் வெயிலில் தெரிந்தன. எது தன் கல்லூரி என்று இல்டாவுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்தாள்.

அடெலினோ கிழங்குப் பானையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஏழே முக்காலுக்கு அவள் காலி செய்த வீட்டின் சமையல் மேடைமேல் சாவியை வைத்துவிட்டு வந்தது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அக்கா" என்றான். "நாளைக்குக் காலைல எட்டரைக்கு வகுப்பு, அது சரி. இன்னிக்கு ராத்திரி இந்தக் கட்டிலை எங்க போடப் போற?"